கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடுமா, டாக்டர்?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். ஊர், பேர் போட வேண்டாம். விருதுநகர் மாவட்டம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே மகள், 19 வயது. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே சட்டை, பேன்ட்தான். பெரியவளானபோது சடங்குக்குப் பட்டுப்பாவாடை கட்ட மாட்டேன் என்று சாப்பிடாமல் கிடந்தாள். இந்த லீவில் வந்தபோது, “நான் பொண்ணு இல்லம்மா, பையன். சின்ன வயசுலேயே எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டாள். கூடப் படிக்கும் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். கோடாங்கியிடம் கூட்டிப்போனோம். நீர்க்கட்டியாக இருக்குமோ என்று ஸ்கேன் எடுக்கவும் போனோம். அங்கே ஒன்றும் சொல்லாமல் உள்ளே வைத்து எடுக்கும் ஸ்கேனுக்குப் படுக்கச் சொன்னார்கள். நான்தான் “ஒண்ணும் செய்யாதுடி, படு” என்று கையைப் பிடித்தேன். கத்திக்கொண்டு எழுந்து ஓடிவிட்டாள். அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாதவிடாய் வந்தால் அறையை விட்டே வருவதில்லை. நெஞ்சைச் சுற்றி இறுக்கமாகக் கட்டுப் போட்டுக்கொண்டு அப்படியே தூங்குகிறாள். பையில் ஏதோ ஊசி மருந்து பார்த்தேன். என் அண்ணன் தன் மகனுக்குக் கேட்கிறார், ஆவணியில் நிச்சயம் வைக்கலாம் என்கிறார். “கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை பிறந்தா எல்லாம் சரியாப் போயிடும்” என்று என் வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் சொல்கிறார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறையக் கேட்டிருக்கிறீர்கள். நாள் நெருங்கிக்கொண்டிருப்பது கல்யாணம் ஒன்றுதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். இந்தக் கல்யாணம் வேண்டாம். ஆவணியில் வேண்டாம், தை பிறந்தாலும் வேண்டாம். உங்கள் பிள்ளையே ஒருநாள் “இவரோடு வாழப்போகிறேன்” என்று மனதார வந்து சொன்னால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

(உங்கள் பிள்ளை என்றே இந்தப் பதில் முழுக்க எழுதுகிறேன். தன்னைப் பையன் என்று ஒருவர் சொன்ன பிறகு, அவரைப் பார்த்துக்கூட இராத நான் மகள் என்று எழுதுவது முறையாக இருக்காது. உங்களுக்கு அது பழக நாளாகும், பரவாயில்லை.)

“சரியாகிவிடும்” என்று சொல்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் கல்யாணம் என்றதும் அவர்கள் மனசு மண்டபம், பந்தி, மொய், தாலி வரைக்கும்தான் போகிறது. நான் மகப்பேறு மருத்துவர். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் என் அறையில் உட்கார்ந்து கேட்கிறேன். அன்றைக்கு ராத்திரி உங்கள் பிள்ளையை ஓர் அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துவார்கள். உள்ளே இருக்கும் பையன் தங்கமானவனாகவே இருக்கலாம். அவனிடம் யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டார்கள். குளிக்கும்போதுகூடத் தன் மார்பைக் குனிந்து பார்க்க முடியாத ஒரு பிள்ளையை இன்னொருவர் தொடுவதற்கு, நல்ல நேரம் பார்த்து நாமே ஏற்பாடு செய்கிறோம். அந்தப் பிள்ளை முடியாது என்று சொன்னால் மறுநாள் காலை பஞ்சாயத்து. சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால் ஊர் பார்வையில் “சரியாகிவிட்டது”. சம்மதம் இல்லாத உடலுறவு என்பதைத் தவிர இதற்கு வேறு மென்மையான பெயர் எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்தில் சம்மதம் என்றால் பெண் பார்க்க வந்த அன்று தலையாட்டுவதோடு முடிந்துவிடுகிறது. தலையாட்டாமல் நின்றாலும் “வெட்கப்படுது” என்று நாமே பதில் சொல்லிவிடுகிறோம். உடல் சம்பந்தப்பட்ட சம்மதம் அப்படி ஒருதடவை வாங்கி வைத்துக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும், ஒவ்வொரு செயலுக்கும் கேட்க வேண்டும். நேற்று சரி என்றவர் இன்று வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். தொடங்கிய பிறகு நிறுத்து என்றாலும் நிறுத்த வேண்டும். பயத்தில், அழுகையில், “அம்மா தூக்கு மாட்டிக்குவேன்னு சொல்றாங்க” என்ற நெருக்கடியில் வந்த சரி, சரியே கிடையாது. கடைசியாகச் சொன்னதை நம் வீடுகளில் நிறையப் பார்க்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவில், குறிப்பிட்ட அந்தச் செயலுக்கு ஒரு பெண் தானாக முன்வந்து, சொல்லாலோ சைகையாலோ, ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிவிக்கும் விருப்பம்தான் சம்மதம் என்று இருக்கிறது. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கும் உண்டு. 18 வயது நிறைந்த மனைவியிடம் கணவன் கொள்ளும் உடலுறவை இந்தச் சட்டம் வன்புணர்ச்சி என்று கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் பிள்ளைக்கு 19 வயது, சான்றிதழில் பெண். இன்றைக்கு அவருக்கு இருக்கிற சட்டக் காப்பு, தாலி ஏறிய நிமிடமே அந்த ஒருவருக்கு எதிராக இல்லாமல் போய்விடும். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் துன்புறுத்தல் சேர்ந்திருக்கிறது, கட்டாயப்படுத்தி நடந்த கல்யாணத்தைச் செல்லாததாக்கக் கேட்டு இந்து திருமணச் சட்டப்படி கோர்ட்டுக்குப் போகவும் முடியும். எல்லாம் காயம் பட்ட பிறகு ஓட வேண்டிய இடங்கள். பாதுகாப்பான இடத்தில் நிற்கும் பிள்ளையை நாமே ஏன் அங்கே கொண்டுபோய் விட வேண்டும்?

உங்கள் அண்ணன் மகனையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவனும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். தன்னை விரும்பவே முடியாத ஒருவரோடு வாழ்நாள் முழுக்க அவனைக் கட்டிப்போடுவது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம் அந்தக் “குழந்தை பிறந்தால்”. பிரசவம் மனசை மாற்றும் மருந்து இல்லை. வயிறு பெரிதாவதும், மார்பு கனப்பதும், பால் சுரப்பதும், உடம்பைப் பற்றி ஏற்கெனவே தவிக்கும் ஒருவருக்குத் தவிப்பைக் கூட்டவே வாய்ப்பு அதிகம். விருப்பப்பட்டுச் செய்கிறவர்களின் கதை வேறு. 2023 பிப்ரவரியில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு திருநம்பி, அதாவது பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்கிறவர், குழந்தை பெற்றார். அவரும் அவருடைய துணைவியான திருநங்கையும் பேசி முடிவெடுத்து, ஹார்மோன் சிகிச்சையை நிறுத்தி வைத்துப் பெற்ற குழந்தை. அவர் ஏற்கெனவே மார்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதால் குழந்தைக்குத் தாய்ப்பால் வங்கியிலிருந்து பால் கொடுத்தார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆணாக உணர்கிறவருக்கும் கர்ப்பப்பை இருந்தால் கர்ப்பம் தங்கும், தாய்மையோ தந்தைமையோ அவர் எந்தப் பெயரில் அழைத்துக்கொண்டாலும் அது அவர் விருப்பப்படி வரலாம். அவர் வாழ்க்கையில் அது வருமா என்பதை உங்கள் சம்பந்தி வீட்டார் முடிவு செய்ய முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விருப்பமில்லாமல் கர்ப்பம் தங்கிவிட்டால், அதைப் பாதுகாப்பாகக் கலைத்துக்கொள்ளும் உரிமை குறித்து உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று ஒரு தீர்ப்பு கொடுத்தது. 24 வாரம் வரை கலைக்கும் வசதியில் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று பிரிக்கக் கூடாது என்றது. கருக்கலைப்புச் சட்டத்தின் நோக்கத்துக்காக, கணவன் கட்டாயப்படுத்தியதும் வன்புணர்ச்சி என்ற சொல்லுக்குள் வரும் என்றது. தீர்ப்பில் “பெண்” என்று வரும் இடத்திலெல்லாம், பெண்ணாகத் தன்னை உணராத, ஆனால் கர்ப்பம் தங்கக்கூடிய மற்றவர்களும் அடங்குவர் என்றும் எழுதியது. உங்கள் பிள்ளை மாதிரிப் பிள்ளைகளை அந்த நீதிபதிகள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

சரி, இப்போது உங்கள் மனதில் ஓடும் அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். இது நோயா?

இல்லை. பிறந்த குழந்தையின் உறுப்பைப் பார்த்து ஆண், பெண் என்று எழுதுகிறோம். வளர்ந்து வரும்போது பெரும்பாலானோருக்கு அந்த எழுத்தும் உள்ளே உணர்வதும் ஒன்றாகவே இருக்கும். சிலருக்கு இருக்காது. ஏன் என்பதற்கு வளர்ப்பையோ, நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது சாப்பிட்டதையோ, சட்டை போட விட்டதையோ காரணம் காட்ட எந்த ஆதாரமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் இதை மனநோய்கள் பகுதியிலிருந்து எடுத்துவிட்டது. சிகிச்சை கிடைக்க வழி இருக்க வேண்டும் என்பதற்காகப் பாலியல் நலம் என்ற பகுதியில் வைத்திருக்கிறது. உங்கள் பிள்ளை மாதிரி உணர்கிறவர்களைத்தான் நாம் திருநம்பி என்கிறோம். திருநங்கைகளை ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். திருநம்பிகள் அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. தெரிவதற்குள் பலருக்குக் கல்யாணம் ஆகிவிடுகிறது.

கூடப் படிக்கும் பெண்ணைப் பிடித்திருப்பதால்தான் இப்படிச் சொல்கிறாரோ என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு சந்தேகம் எட்டிப்பார்க்கிறது. தான் யார் என்பது ஒன்று, யாரைப் பிடிக்கிறது என்பது இன்னொன்று. திருநம்பிகளில் பெண்களை விரும்புகிறவர்களும் உண்டு, ஆண்களை விரும்புகிறவர்களும் உண்டு, யாரையும் விரும்பாதவர்களும் உண்டு. உங்கள் பிள்ளை சின்ன வயதிலேயே தெரியும் என்கிறார். அந்தப் பெண் வந்தது கல்லூரியில்தானே?

நீர்க்கட்டி விஷயம். மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி, எடை கூடுவது இவையெல்லாம் இருந்தால் நீர்க்கட்டி பார்க்கலாம். இருந்தால் அதற்கு மருந்தும் கொடுக்கலாம். ஆனால் அதற்கும் ஒருவர் தன்னைப் பையன் என்று உணர்வதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். நீர்க்கட்டியோடு என்னிடம் வரும் பெண்கள் தங்களைப் பெண்களாகவே உணர்கிறார்கள். பாலின உணர்வைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ உலகத்தில் எங்கும் இல்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். உங்களுக்கு அவரே சொல்லியும் விட்டார்.

அந்த ஸ்கேன் அறையில் நடந்தது தப்பு. கல்யாணம் ஆகாத 19 வயதுப் பிள்ளைக்கு நீர்க்கட்டி பார்க்க வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து, மேலே ஜெல் தடவிப் பார்த்தாலே போதும். உள்வழி ஸ்கேன் தேவைப்பட்டால் அது ஏன், எப்படி என்று விளக்கி, சம்மதம் கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். வெள்ளைக் கோட் போட்டவர் தொடுவதற்கும் சம்மதம் தேவை. ஏதோ ஒரு பரிசோதனை மேஜையில் “ஒண்ணும் செய்யாது, படு” என்று கையைப் பிடித்து அழுத்துவதுதான் நம் பிள்ளைகள் பலருக்குச் சம்மதம் பற்றிக் கிடைக்கும் முதல் பாடம். உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, பயத்தில்தான் செய்தீர்கள். ஆனால் அவர் உங்களிடம் பேசாமல் இருப்பதற்கு, பையன் என்று நீங்கள் ஏற்காததைவிட, அந்தக் கைப்பிடிதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். “அன்னைக்கு உன்னைப் பிடிச்சது தப்பு. இனிமே உன்னைக் கேட்காம யாரையும் தொட விட மாட்டேன்” என்று ஒரு தடவை சொல்லுங்கள். காரணம், விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டாம்.

கோடாங்கி போதும், இனி வேண்டாம். “பேசிப் பேசிப் பெண்ணாக மாற்றிவிடலாம்” என்று சொல்லும் மருத்துவரிடமும் போக வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று கொடுத்த உத்தரவில், பாலின அடையாளத்தையோ பாலின ஈர்ப்பையோ மாற்றுகிறோம் என்று செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை சொன்னார். தான் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள ஒரு உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டதாகவும் எழுதினார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. மனநல மருத்துவரைப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். பிள்ளையை மாற்றுவதற்காகப் போக வேண்டாம், அவர் தூக்கம், பயம், படிப்பு, தனிமை பற்றிப் பேசுவதற்காகப் போங்கள். உங்களுக்கும் பேச ஆள் வேண்டும். சாப்பாடு இறங்காமல், அறையைப் பூட்டிக்கொண்டு, “நான் இருந்து என்ன” என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இப்போது உடம்பு. முதலில் அந்த ஊசி. பையில் பார்த்த மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. டெஸ்டோஸ்டிரோன் என்று போட்டிருந்தால், அது ஆண் ஹார்மோன், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. இந்தப் பிள்ளைகள் வீட்டிலும் கேட்க முடியாமல், ஆஸ்பத்திரியிலும் கேட்க முடியாமல், ஜிம்மில் யாரிடமாவது வாங்கித் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு இதில்தான் அதிகக் கவலை. டெஸ்டோஸ்டிரோன் கெட்ட மருந்து இல்லை. சரியான அளவில், கண்காணிப்போடு கொடுத்தால் திருநம்பிகளுக்கு நல்ல பலன் தருகிறது. அளவு மீறினால் ரத்தத்தில் சிவப்பணு கூடி ரத்தம் கெட்டிப்படும். கொழுப்பு, ரத்த அழுத்தம் ஏறலாம். ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்ஐவி, மஞ்சள் காமாலை வேறு. தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை, கல்லீரல், சர்க்கரை, பிரஷர், கர்ப்பப் பரிசோதனை எல்லாம் பார்க்க வேண்டும். முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

ஹார்மோனால் வரும் மாற்றங்களில் எது திரும்பும், எது திரும்பாது என்பதை உங்கள் பிள்ளை முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம். மாதவிடாய் பெரும்பாலும் சில மாதங்களில் நின்றுவிடும், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும். குரல் உடைந்தால் உடைந்ததுதான். முளைத்த தாடி முழுதாகப் போகாது. பரம்பரையில் வழுக்கை இருந்தால் அதுவும் வரலாம். பின்னாளில் தன் கருமுட்டையில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், அதை ஹார்மோன் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், உங்களுக்குக் கேட்கச் சங்கடமாக இருந்தாலும். மாதவிடாய் நின்றுவிட்டதால் கர்ப்பம் தங்காது என்று இந்தப் பிள்ளைகள் நம்புகிறார்கள். அது தப்பு. டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து இல்லை. விந்து உள்ளே போகும் வாய்ப்பு உள்ள எந்த உறவிலும் கர்ப்பம் தங்கலாம், தங்கினால் அந்த மருந்து கருவைப் பாதிக்கும். காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் மூன்று மாத ‘அந்தரா’ ஊசி போட்டுக்கொள்ளலாம், ஆணுறை இருக்கவே இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனோடு இவை ஒத்துப்போகும். யாராவது அத்துமீறிவிட்டாலோ ஆணுறை கிழிந்துவிட்டாலோ 72 மணி நேரத்துக்குள் எடுக்கும் அவசரக் கருத்தடை மாத்திரையும் ஹார்மோன் எடுத்துக்கொண்டிருப்பவருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறாரோ அவ்வளவு நல்லது. உங்கள் பிள்ளைக்கு இது எதுவும் தேவைப்படாமலே போகலாம். தெரிந்து வைத்திருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நெஞ்சுக் கட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கால் சுளுக்குக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் விலா எலும்பின் மேல் வரிவரியாகச் சிவந்து, அக்குளுக்குக் கீழே தோல் உரிந்து, சில பேருக்குப் படர்தாமரையும் வந்திருக்கும். அந்த பேண்டேஜ், மூச்சை இழுக்க இழுக்க இறுகும் வகை. அதைப் பிடுங்கிப் போடாதீர்கள், பிள்ளை வெளியே போவதையே நிறுத்திவிடும். இதற்கென்றே தைத்த பைண்டர் கிடைக்கிறது, அளவாக வாங்கிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போதும் விளையாடும்போதும் வேண்டவே வேண்டாம். கிடைக்கும் வரை ஸ்போர்ட்ஸ் பிராவின் மேல் தளர்ந்த பனியன் போட்டால் போதும். அந்தப் பார்சல் உங்கள் கையால் போனால், பத்து நாள் பேசிப் புரியவைக்க முடியாததை அது புரியவைக்கும்.

மாதவிடாய் நாட்களில் அறைக்குள் அடைந்து கிடப்பது பிடிவாதம் இல்லை. ஆண்கள் பக்கக் கழிப்பறையில் நாப்கின் போட ஒரு கூடைகூட இருக்காது. பெண்கள் பக்கம் போனால் உள்ளே இருப்பவர்கள் முறைப்பார்கள். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு வருகிறார்கள். வீட்டிலாவது அவர் குளியலறையில் மூடி போட்ட ஒரு குப்பைக்கூடை வையுங்கள், நாப்கின் வாங்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், “தூரம்” என்று ஒதுக்கி வைக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ஹார்மோன் எடுக்காமலே மாதவிடாயை நிறுத்தி வைக்க அல்லது குறைக்க மாத்திரைகள் இருக்கின்றன. பலருக்கு இப்போதைக்கு அதுவே போதுமானதாக இருக்கும், பெரிய முடிவுகளை நிதானமாக எடுக்க அவகாசம் கிடைக்கும்.

கர்ப்பப்பை. எடுத்தே ஆக வேண்டும் என்று எந்த மருத்துவ விதியும் இல்லை. எடுக்காமலே ஆணாக வாழ்கிறவர்கள் ஏராளம். பாலினத்தை ஒப்புக்கொள்ள அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்று 2014 ஏப்ரல் 15 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. எடுக்க வேண்டும் என்று அவர் நினைத்தால், அது வயதுவந்த ஒருவர் எல்லாம் தெரிந்துகொண்டு தானே எடுக்க வேண்டிய முடிவு, உங்கள் கையெழுத்தோ என் ஆசையோ அதில் முக்கியம் இல்லை. கருமுட்டை உருவாகும் சூலகம் இரண்டையும் எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க ஹார்மோன் எடுக்க வேண்டிவரும், இல்லையென்றால் எலும்பு தேய்ந்துவிடும் என்பது போன்றவற்றைப் பேசித்தான் யாரும் கத்தியை எடுப்பார்கள். எடுக்காமல் வைத்திருந்தால், 30 வயதைத் தாண்டியதும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு எல்லோரையும் போல அவரும் வர வேண்டும். தாடி வைத்தவர் மகளிர் நோய்ப் பிரிவு வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு வராமலே போய்விடுகிறார்கள், எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. பதிவு செய்யும் இடத்தில் பெயரைச் சத்தமாகக் கூப்பிடாமல் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடும்படி நீங்களே கேட்கலாம். என் கிளினிக்கில் அப்படித்தான் செய்கிறோம், காசு செலவில்லாத ஏற்பாடு.

உங்களுக்கு மதுரை பக்கம். அரசு ராஜாஜி மருத்துவமனையில் திருநர்களுக்கென்றே (திருநங்கைகள், திருநம்பிகள் போன்றவர்களுக்கு) மனநலம், ஹார்மோன், அறுவை சிகிச்சை எல்லாத் துறையினரும் சேர்ந்து பார்க்கும் கிளினிக் இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் உண்டு. முதல் தடவை போகும்போது அந்த ஊசிக் குப்பியை எடுத்துப் போங்கள், எத்தனை நாளாக, எவ்வளவு போட்டார் என்பதை ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவர் அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் நீங்கள் வெளியே உட்காருங்கள். சான்றிதழ், பெயர் மாற்றமெல்லாம் அவசரமில்லை. தமிழ்நாட்டில் 2008-லிருந்தே இவர்களுக்கான நல வாரியம் இருக்கிறது, வேண்டும்போது மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கல்லூரிப் பெண்ணைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். பேச்சு வரும் நாளில் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: தன் உடம்புக்கு அவர் எந்த மரியாதை கேட்கிறாரோ அதே மரியாதை அந்தப் பெண்ணுக்கும் உண்டு. கேட்டுத்தான் தொட வேண்டும், அவள் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து எடுத்த படங்களை யாருக்கும் அனுப்பக் கூடாது. பையனைப் பெற்ற எந்த அம்மாவும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம்தான் இது. நம்மில் பலர் சொல்லிக்கொடுப்பதில்லை.

உங்கள் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் கொட்டாதீர்கள். முதலில் கல்யாணத்தை நிறுத்த மட்டும் அவர் சம்மதித்தால் போதும். பேச முடிந்தால் இந்தப் பதிலில் முதலிரவைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அப்பாக்களுக்கு அது எட்டும்.

அண்ணனிடம் நீங்களே நேரில் போங்கள், போனில் வேண்டாம். பிள்ளை சொன்ன விஷயத்தை அவரிடம் சொல்லாதீர்கள். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது பிள்ளையின் உரிமை, அதற்கும் அவர் சம்மதம் வேண்டும். “அண்ணே, பிள்ளைக்கு இஷ்டமில்லை, கேட்டுட்டேன். இஷ்டமில்லாத பிள்ளையை உன் வீட்டுக்கு அனுப்பி நாளைக்கு உன் முகத்துல முழிக்க முடியாம நிக்க எனக்கு மனசு வரல. உன் மகனுக்கு நல்ல இடமாப் பாரு, நானே வந்து முன்ன நின்னு செய்யுறேன்” என்று சொல்லுங்கள். கோபப்படுவார். கொஞ்ச நாள் பேசாமல்கூட இருப்பார். காரணம் கேட்டுத் துருவினாலும் “இஷ்டமில்லை” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம்.